பழைய டிபேஸ் ஃபைல் கையில் கிடைத்தால்: ஓட வைப்பதும் உள்ளே இருப்பதைக் காப்பாற்றுவதும்

போன மாதம் நண்பன் ஒருவன் பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். உள்ளே பதினோரு பிளாப்பி, எல்லாம் மூன்றரை இன்ச், லேபிளில் அவன் அப்பாவின் கையெழுத்தில் "மெம்பர்", "பாக்கி", "பேக்கப் புதுசு", "பேக்கப் ரொம்பப் புதுசு" என்று எழுதியிருந்தது. அவர் 90களில் ஊரில் வாடகை நூலகம் நடத்தியவர், கணக்கு முழுக்க டிபேஸ் த்ரீ பிளஸ் என்ற டாஸ் காலத்து டேட்டாபேஸ் மென்பொருளில். "இதையெல்லாம் திறக்க முடியுமாடா?" என்றான். முடியும், ஒரு சாயங்காலம் போதும். ஆனால் எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்று தெரியாமல் இறங்கினால் அதே சாயங்காலத்தில் மிச்சம் இருப்பதும் போய்விடும். அன்று செய்ததை அப்படியே வரிசையாகச் சொல்கிறேன்.

ஒரு சின்னக் குறிப்பு. கட்டளைகளை எல்லாம் நாம் வாயால் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன், நீங்கள் கீபோர்டில் ஆங்கிலத்தில் அடியுங்கள். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று டிபேஸ் பார்க்காது. கட்டளையின் முதல் நான்கு எழுத்து அடித்தாலே அதற்குப் புரியும், டிஸ்ப்ளே ஸ்ட்ரக்சர் என்பதை "டிஸ்ப் ஸ்ட்ரு" என்று அடித்தே பழகியவர்கள் நாங்கள்.

முதலில் பிளாப்பி. மூன்றரை இன்ச் என்றால் யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் ஒன்று வாங்கினால் போதும். அஞ்சேகால் இன்ச் என்றால் அது நடக்காது, பழைய டிரைவும் அதைப் படிக்கக் கிரீஸ்வீசில் மாதிரி ஒரு போர்டும் வேண்டும். டிரைவில் போடுவதற்கு முன்னால் ஷட்டரைத் தள்ளி உள்ளே பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்காத பிளாப்பி அபூர்வம். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அதை அப்படியே உள்ளே விடாதீர்கள், அந்தப் பிளாப்பியும் போகும், டிரைவின் ஹெட்டும் அழுக்காகி அடுத்து வருவதையும் கீறும். மூலையில் இருக்கிற ரைட் புரொடெக்ட் சாளரத்தைத் திறந்து வையுங்கள். மூன்றரை இன்ச்சில் ஓட்டை தெரிந்தால் எழுத முடியாது என்று அர்த்தம். அஞ்சேகாலில் நேர் எதிர், வெட்டை மூடி ஒட்டினால்தான் பாதுகாப்பு. அப்புறம் ஒவ்வொன்றையும் முழு இமேஜாக, அதாவது பிளாப்பியில் இருப்பது அத்தனையும் அப்படியே ஒரே ஃபைலாக, எடுத்து வைத்துவிட்டு, அந்த இமேஜின் நகலில் மட்டும் கை வையுங்கள். பதினொன்றில் எங்களுக்கு ஒன்பது வந்தது. "பேக்கப் ரொம்பப் புதுசு" வரவில்லை, எதிர்பார்த்ததுதான்.

இனி சாஃப்ட்வேர். டிபேஸின் கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 70களின் கடைசியில் அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் லேபில் வேலை பார்த்த வேய்ன் ராட்லிஃப் என்பவர் தன் சொந்த உபயோகத்துக்கு வல்கன் என்று ஒன்றை எழுதினார். ஆஷ்டன்-டேட் கம்பெனி அதை எடுத்து டிபேஸ் டூ என்று பெயர் வைத்து விற்றது. டிபேஸ் ஒன் என்று ஒன்று வரவே இல்லை, ஆஷ்டன் என்று அந்தக் கம்பெனியில் யாரும் இருந்ததும் இல்லை, இரண்டுமே விற்பனைக்காக வைத்த பெயர்கள். 1984-இல் டிபேஸ் த்ரீ, அதற்குப் பின்னாலேயே த்ரீ பிளஸ். நம் ஊர்க் கம்ப்யூட்டர் சென்டர்களில் பாடமாக ஓடியது இந்தத் த்ரீ பிளஸ்தான், பிறகு அதே வகையைச் சேர்ந்த ஃபாக்ஸ்புரோ. 1991-இல் ஆஷ்டன்-டேட்டைப் போர்லேண்ட் வாங்கியது, 1992-இல் ஃபாக்ஸ்புரோவைச் செய்த ஃபாக்ஸ் கம்பெனியை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. இவை எதுவும் இன்றைக்கும் இலவச மென்பொருள் ஆகிவிடவில்லை, ஆகவே உங்களிடம் பழைய ஒரிஜினல் செட் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். நண்பனின் அப்பாவிடம் பெட்டியோடு இருந்தது.

64 பிட் விண்டோஸ் 16 பிட் புரோகிராமை ஓட்டாது, டபுள் கிளிக் செய்து பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். பழைய டாஸ் புரோகிராமை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டித் தருகிற டாஸ்பாக்ஸ் அல்லது டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போடுங்கள். டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காகச் செய்தது என்று அதைச் செய்தவர்களே சொல்லிவிடுவார்கள், இருந்தாலும் ஒரு ஆள் உட்கார்ந்து பழைய ஃபைலைப் பார்க்க அது தாராளம். ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, டிபேஸ் ஃபைல்களையும் டேட்டாவின் நகலையும் அதற்குள் போட்டு, மவுண்ட் சி என்று அடித்து அந்த ஃபோல்டரின் பாதையைக் கொடுங்கள். ஃபைல் பெயர் எட்டு எழுத்துக்குள் இருக்கட்டும். டாஸ்பாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியே இருந்து அந்த ஃபோல்டருக்குள் புதிதாக எதையாவது போட்டால் உள்ளே தெரியாது, ரீஸ்கேன் என்று அடித்தால்தான் தெரியும். இது தெரியாமல் கால் மணி நேரம் "ஃபைலைக் காணோமே" என்று தேடினேன்.

டிபேஸ் என்று அடித்ததும் லைசென்ஸ் அறிவிப்பு வரும், என்டர் தட்டினால் சம்மதம். அடுத்து அசிஸ்ட் என்ற மெனு வந்து நிற்கும். இது புதியவர்களுக்காகப் போட்டது, எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. எஸ்கேப் அடித்தால் கீழே ஒற்றைப் புள்ளியோடு ஒரு வரி வரும். அதுதான் டாட் பிராம்ப்ட், வேலை எல்லாம் அங்கேதான். ஒவ்வொரு தடவையும் மெனு வராமல் இருக்க, கான்ஃபிக் டாட் டிபி என்ற ஃபைலில் கமாண்ட்=அசிஸ்ட் என்று இருக்கும் வரியை எடுத்துவிடுங்கள்.

முதலில் இந்த மூன்றை அடித்துவிடுங்கள், பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள்:

செட் டேட் பிரிட்டிஷ்
செட் செஞ்சுரி ஆன்
செட் சேஃப்டி ஆன்

முதலாவது இல்லாவிட்டால் 06/07/91 என்பதை டிபேஸ் ஜூன் ஏழு என்றுதான் படிக்கும், நாம் ஜூலை ஆறு என்று அடித்திருப்போம். இரண்டாவது இல்லாவிட்டால் வருடத்துக்கு இரண்டு இலக்கம்தான் கேட்கும், நீங்கள் 24 என்று அடித்தால் 1924 என்று பதிந்துகொள்ளும். டிபேஸ் டேட்டாவை வைக்கும் டிபிஎஃப் ஃபைலுக்குள் தேதி எப்போதுமே எட்டு இலக்கமாக, வருடம் மாதம் நாள் என்ற வரிசையில்தான் கிடக்கிறது, ஆகவே குறை ஃபைலில் இல்லை, நாம் அடிக்கும் இடத்தில்தான்.

மூன்றாவதற்கு ஒரு கதை உண்டு. சேஃப்டி ஆன் என்பது எப்படியும் இயல்பாகவே ஆனில் இருப்பதுதான், ஆனால் அந்தக் காலத்துப் புரோகிராமர்கள் எல்லோரும் புரோகிராமின் முதல் வரியிலேயே அதை ஆஃப் செய்துவிடுவோம், "அழிக்கட்டுமா" என்று அது கேட்டுக்கொண்டே இருப்பது எரிச்சல் என்று. 1996 என்று நினைவு, ஒரு கடைக்கு ஸ்டாக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தற்காலிக ஃபைல் ஒன்றைக் காலி செய்ய ஜாப் (ZAP) என்று அடித்தேன். ஜாப் என்றால் ஃபைலில் உள்ள எல்லா ரெக்கார்டும் ஒரே அடியாகப் போகும், திரும்ப வராது. அடித்த பிறகுதான் பார்த்தேன், ஃபைல்களைத் தனித்தனியாகத் திறந்து வைக்கும் இடங்களில் நான் நின்றது செலக்ட் 1-இல், தற்காலிக ஃபைல் இருந்தது செலக்ட் 2-இல். எட்டு மாத ஸ்டாக். கடைக்காரர் என்னை ஒன்றும் சொல்லவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார், அதுதான் இன்னும் உறுத்துகிறது. சேஃப்டி ஆனில் இருந்திருந்தால் கேட்டிருக்கும்.

டெலீட் என்பது வேறு. டெலீட் செய்தால் ரெக்கார்டின் முதல் பைட்டில் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் விழும், ரெக்கார்டு அப்படியே இருக்கும், ரீகால் செய்தால் திரும்ப வரும். பேக் (PACK) என்று அடிக்கும்போதுதான் உண்மையில் போகிறது. பழைய ஃபைலில் தப்பித் தவறியும் பேக் அடிக்காதீர்கள். டெலீட் ஆனவற்றில்தான் பல நேரம் சுவாரசியமான விஷயமே கிடக்கும்.

சரி, யூஸ் மெம்பர் என்று அடித்து ஃபைலைத் திறந்தோம். டிஸ்ப் ஸ்ட்ரு அடித்ததும் திரையில் ஐந்து ஃபீல்டு: உறுப்பினர் எண் 5 எழுத்து, பெயர் 30, தெரு 40, சேர்ந்த தேதி 8, டெபாசிட் 7. மொத்தம் 91 என்று கீழே காட்டியது. கூட்டிப் பார்த்தால் 90தான் வரும், அந்த மிச்சம் ஒன்றுதான் மேலே சொன்ன நட்சத்திரத்துக்கான இடம். ரெக்கார்டு எண்ணிக்கை 1198. நண்பன் உடனே, "இல்லையே, அப்பா நோட்டில் கடைசி எண் 1240" என்றான்.

இங்கேதான் டிபேஸ் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய மிக முக்கியமான விஷயம் இருக்கிறது. புதிய ரெக்கார்டு சேர்க்கச் சேர்க்க அது டிஸ்கில் போய் உட்காரும். ஆனால் மொத்தம் எத்தனை என்ற எண் ஃபைலின் தலைப்பில் இருக்கிறது, அதை டிபேஸ் ஃபைலை மூடும்போதுதான் எழுதும். குவிட் அடித்து வெளியே வராமல் கரண்ட் போனால் ரெக்கார்டு இருக்கும், எண்ணிக்கை பழையதாகவே நிற்கும். அடுத்த நாள் டிபேஸ் அந்தப் பழைய எண்ணை நம்பி அதற்கு மேல் இருப்பதைக் காட்டாது. அன்றைக்கு யுபிஎஸ் வைத்திருந்த கடை எத்தனை?

சரி செய்வது கஷ்டமே இல்லை. ஃபைலைப் பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் ஒன்றில் நகலைத் திறங்கள், நகலை மட்டும். முதல் பைட்டைப் பூஜ்யம் என்று எண்ண ஆரம்பித்தால், அந்தப் பூஜ்யமாவது பைட்டில் 03 இருந்தால் மெமோ (நீளமான குறிப்பு எழுதும் ஃபீல்டு) இல்லாத சாதாரண ஃபைல், 83 என்றால் மெமோ உண்டு, அதற்கு டிபிடி என்று கூடவே ஒரு ஃபைல் இருக்க வேண்டும். 1, 2, 3 கடைசியாக எழுதிய தேதி. 4 முதல் 7 வரை ரெக்கார்டு எண்ணிக்கை, சின்ன பைட் முதலில். 8, 9 தலைப்பின் நீளம். 10, 11 ஒரு ரெக்கார்டின் நீளம். இப்போது கணக்கு: எங்கள் ஃபைலின் அளவு 113034 பைட், தலைப்பு 193. கடைசியில் ஃபைல் முடிவைக் குறிக்கும் ஒரு பைட்டையும் சேர்த்துக் கழித்தால் 112840. அதை 91-ஆல் வகுத்தால் மிகச் சரியாக 1240. நோட்டு சொன்னது சரிதான்!

1198 என்பது 4 தடவை 256, மேலே 174. 1240 என்பது 4 தடவை 256, மேலே 216. ஆக மாற்ற வேண்டியது ஒரே ஒரு பைட், 174-ஐ 216 ஆக்கினால் போதும். (எடிட்டர் பதினாறின் அடிமானத்தில் காட்டும், கால்குலேட்டரில் மாற்றிக்கொள்ளுங்கள்.) சேமித்துவிட்டுத் திரும்ப டிபேஸில் திறந்தோம். 1240 வந்தது. 42 பேர் எழுந்து வந்தார்கள். கடைசிப் பெயர் நண்பனுடைய சித்தப்பா பெயர்.

தலைப்பு நீளத்தை நீங்களே கணக்குப் போடாதீர்கள், 8, 9-இல் உள்ள எண்ணையே நம்புங்கள், ஏனென்றால் சில பதிப்புகள் ஒரு பைட் கூடுதலாகச் சேர்த்து வைக்கும். வகுக்கும்போது முழு எண் வரவில்லை, கடைசியில் சில பைட் மிஞ்சுகிறது என்றால் கடைசி ரெக்கார்டு பாதியில் அறுந்திருக்கிறது, கீழ் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபைல் அளவே எண்ணிக்கைக்குச் சரியாக இருக்கிறது, ஆனாலும் ஆள் குறைகிறார் என்றால் டாஸ் டைரக்டரியிலேயே அளவு பதியாமல் போயிருக்கலாம், அதற்குச் செக்டிஸ்க் ஓட்டித் தொலைந்த துண்டுகளைப் பொறுக்க வேண்டும், அதுவும் இமேஜின் நகலில்தான்.

இதில் இன்றைக்கு ஒரு கிளை ஆபத்து. டாஸ்பாக்ஸ் ஜன்னலை மேலே இருக்கும் பெருக்கல் குறியைத் தட்டி மூடுகிறோமே, டிபேஸுக்கு அதுவும் கரண்ட் போன மாதிரிதான். குவிட் அடித்து, டாஸ் பிராம்ப்ட் வந்த பிறகு மூடுங்கள்.

அடுத்தது இரண்டு ஃபைலைச் சேர்த்துப் பார்ப்பது. டிபேஸ் ரிலேஷனல் (டேட்டாவை டேபிள்களாக வைத்து ஒன்றோடொன்று இணைத்துப் பார்ப்பது) என்று பெட்டியில் போட்டு விற்றார்கள். ரிலேஷனல் மாதிரியைக் கண்டுபிடித்த எட்கர் காட் என்பவர் 1985-இல் பன்னிரண்டு விதி எழுதியதே, கண்டவர்கள் எல்லாம் அந்தப் பெயரை ஒட்டிக்கொள்கிறார்களே என்ற கடுப்பில்தான். அந்த விதிகளை வைத்துப் பார்த்தால் டிபேஸ் த்ரீ பிளஸ் வாசற்படி கூட ஏறாது, டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல் மொழி கூடக் கிடையாது. ஆனால் நூலகம் நடத்துபவருக்கு வேண்டியது யார் எந்தப் புத்தகத்தை வைத்திருக்கிறார் என்பதுதான், அதற்கு இது போதும் (லோன் என்பது புத்தகம் எடுத்துப்போன கணக்கு ஃபைல்):

செலக்ட் 2
யூஸ் மெம்பர்
இண்டெக்ஸ் ஆன் மெம்நம்பர் டு மெம்ஐடி
செலக்ட் 1
யூஸ் லோன்
செட் ரிலேஷன் டு மெம்நம்பர் இன்டு மெம்பர்
லிஸ்ட் புக், மெம்பர்->நேம்

நடுவில் இருக்கும் அந்த அம்புக் குறி கழித்தல் குறியும் பெரிது என்ற குறியும் சேர்ந்தது. பத்து வொர்க் ஏரியா இருக்கிறது, ஒரே நேரத்தில் பத்து ஃபைல் வரை திறக்கலாம், ஆனால் ஒரு ஏரியாவிலிருந்து ஒரு ரிலேஷன்தான் போட முடியும். ஃபாக்ஸ்புரோவில் இந்தத் தொல்லை இல்லை.

மேலே உள்ளது ஓடி, ஆனால் பெயர் வரவேண்டிய இடம் காலியாக வந்தால் பதற வேண்டாம், பெரும்பாலும் ஒரே காரணம்தான். ஒரு ஃபைலில் எண்ணை "   45" என்று வலப்பக்கம் ஒட்டியும் இன்னொன்றில் "45   " என்று இடப்பக்கம் ஒட்டியும் அடித்திருப்பார்கள். நமக்கு இரண்டும் நாற்பத்தைந்து, டிபேஸுக்கு இரண்டும் வேறு வேறு சொல். ஒரு பக்கம் எழுத்து, இன்னொரு பக்கம் எண் என்றால் டேட்டா டைப் மிஸ்மேட்ச் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடும், அப்போது ஸ்ட்ர் ஃபங்ஷனில் 45, 5 என்று கொடுத்து எண்ணை ஐந்து இடத்துக்கு எழுத்தாக்கிக்கொள்ளுங்கள். எந்த ரெக்கார்டு எங்கே என்று வரிசைப்படுத்திக் காட்டும் பழைய இண்டெக்ஸ் ஃபைல் கூட வந்திருந்தால் அதை நம்ப வேண்டாம். இண்டெக்ஸைத் திறக்காமல் ரெக்கார்டு சேர்த்திருந்தால் அதற்கு அந்த ரெக்கார்டுகள் தெரியாது, நாங்கள் மீட்ட 42 பேரையும் அது பார்த்ததில்லை. புதிதாகவே இண்டெக்ஸ் போடுங்கள்.

பிரின்ட் எடுக்க டாஸ்பாக்ஸில் வழி தேடி அலைய வேண்டாம். செட் ஆல்டர்னேட் டு என்று ஒரு ஃபைல் பெயர் கொடுத்து, செட் ஆல்டர்னேட் ஆன் அடித்தால், அதற்குப் பிறகு திரையில் ஓடுவது அந்த ஃபைலிலும் விழும். நோட்பேடில் திறந்து அச்சிடுங்கள்.

வெளியே கொண்டுபோக காப்பி டு என்று ஒரு பெயர் கொடுத்து, கடைசியில் டிலிமிட்டட் என்று சேருங்கள். கமா போட்ட டெக்ஸ்ட் ஃபைல் வரும், எக்செல் அதைத் திறக்கும். இரண்டு விஷயம் கவனம்: டெலீட் குறி விழுந்த ரெக்கார்டுகளும் சேர்ந்தே வரும், வேண்டாமென்றால் முதலில் செட் டெலீட்டட் ஆன். மெமோ ஃபீல்டு இதில் வராது.

உண்மையைச் சொன்னால், படித்துப் பார்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் டிபேஸே வேண்டாம், லிப்ரேஆஃபீஸ் கால்க் டிபிஎஃப்பை நேராகத் திறக்கும். பைத்தான் தெரிந்தவர்களுக்கு டிபிஎஃப்ரீட் என்று ஒரு லைப்ரரி இருக்கிறது, டெலீட் ஆன ரெக்கார்டுகளைத் தனியாகவே கொடுத்துவிடும். எழுத்து எல்லாம் கோணல் மாணலாக வந்தால் அது ஜிஸ்ட் கார்டு போட்டு இந்திய மொழியில் அடித்த ஃபைலாக இருக்கலாம், ஐஎஸ்சிஐஐ குறியீட்டிலிருந்து யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். வரைபட வேலை செய்பவர்கள் தினமும் தொடும் ஷேப்ஃபைலுக்குள் இருப்பதும் இதே டிபிஎஃப்தான், அதில் ஃபீல்டு பெயர் பத்து எழுத்துக்கு மேல் போகாததற்குக் காரணமும் இதுவே.

பழைய புரோகிராமையே ஓட்ட வேண்டும் என்பவர்களுக்கு: டாஸ் ஃபாக்ஸ்புரோ 2.6 வேகமான மெஷினில் ஆரம்பத்திலேயே பூஜ்யத்தால் வகுத்துவிட்டேன் என்று சொல்லி விழும், டாஸ்பாக்ஸில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சைக்கிள்ஸ் எண்ணைச் சில ஆயிரத்துக்கு இறக்கி வையுங்கள். டிபேஸ் மொழிக்கான கம்பைலரான கிளிப்பரில் எழுதியது, மூல நிரல் கையில் இருக்கிறது என்றால் ஹார்பர் என்ற இலவசக் கம்பைலரில் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் லேசான திருத்தத்தோடு ஓடிவிடும்.

அன்று ராத்திரி எல்லாம் முடிந்து கிளம்பும்போது நண்பனின் அப்பா போனில் ஒன்றே ஒன்று கேட்டார்: யார் யார் இன்னும் புத்தகம் திருப்பித் தரவில்லை? அதாவது திரும்பிய தேதி காலியாக இருக்கும் வரிகள் வேண்டும். டிபேஸ் த்ரீ பிளஸ்ஸில் ஃபீல்டு காலியா என்று கேட்க எம்ப்டி என்ற ஃபங்ஷன் கிடையாது, அது ஃபாக்ஸிலும் கிளிப்பரிலும் வந்தது. தேதியை எழுத்தாக்கும் டிடிஓசியை, கடைசி இடைவெளிகளை வெட்டும் டிரிம்முக்குள் போட்டாலும் நடுவில் இரண்டு சாய்கோடு மிஞ்சி நிற்கும். ஆகவே எழுத்தைத் தேதியாக்கும் சிடிஓடி ஃபங்ஷனுக்குள் இரண்டு இடைவெளி, சாய்கோடு, இரண்டு இடைவெளி, சாய்கோடு, இரண்டு இடைவெளி என்று வெற்றுத் தேதி ஒன்றைச் செய்து, திரும்பிய தேதி அதற்குச் சமமா என்று லிஸ்ட் ஃபார் போட்டோம். 37 வரி வந்தது. வாசிக்க வாசிக்க அவர் ஒவ்வொரு பெயருக்கும் "ம்" போட்டுக்கொண்டே வந்தார், பத்தொன்பதாவது வரியில் மட்டும், "அதை எடுத்துடு, அவரு பாவம்" என்றார். டெலீட் மட்டும் அடித்தேன், பேக் அடிக்கவில்லை.